தம்பி, 14.7-ஐ மறந்துடு!

பதிவு எழுதி நாலு மாசமாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், மழை, ஜலதோஷம்னு காரணம் அடுக்கலாம். உண்மைக் காரணம் அதில்லை. நான் முன்னாடி எழுதின ஒரு பதிவைப் படிச்சுட்டு, எங்க தெருப் பையன் ஒருத்தன் தன்னோட கார் எஞ்சினை உடைச்சுட்டான். அதுக்கப்புறம் கீபோர்டுல கை வைக்கவே கூச்சமா இருந்தது. இன்னைக்கு அந்தக் கணக்கைத் தீர்த்துடலாம்னு உட்கார்ந்திருக்கேன். நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

அந்தப் பழைய பதிவோட சாராம்சம் இதுதான்: எத்தனால் டர்போ எஞ்சினுக்கு எதிரி இல்ல, கூட்டாளி. அதுல ஒரு வரிகூட பொய் கிடையாது. ஆனா பாதியைத்தான் சொல்லியிருந்தேன். மீதிப் பாதியை அந்தப் பையன் ஈசிஆர்ல கத்துக்கிட்டான்.

பொத்தேரின்னு சொன்னா எல்லாருக்கும் எஸ்ஆர்எம்தான் ஞாபகம் வரும். என்னை மாதிரி கார் கிறுக்கனுக்கு ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற மறைமலை நகர்தான் ஞாபகம் வரும். 2013-ல ஃபோர்டு ஈகோஸ்போர்ட் அங்கிருந்துதான் வந்தது. வெறும் ஒரு லிட்டர், மூணு சிலிண்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சின், 125 பிஎஸ். "ஒரு லிட்டர் எஞ்சின் இந்த வண்டியை இழுக்குமா?"ன்னு சிரிச்சவங்க எல்லாம் ஓட்டிப் பார்த்து வாயை மூடிக்கிட்டாங்க. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவில உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சது வேற கதை. ஆனா அந்த சின்ன டர்போ ஃபார்முலா நின்னு போகலை. இந்தப் பக்கம் ஒரகடம் நிஸான், அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்னு நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்துலயே ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் நிறைய வர ஆரம்பிச்சது. இன்னைக்கு அதெல்லாம் செகண்ட் ஹேண்ட்ல கல்லூரிப் பசங்க கைக்கு எட்டுது. லாப்டாப் ஒண்ணும் கேபிள் ஒண்ணும் இருந்தா மேப்பை மாத்தலாம்னு அவங்களுக்குத் தெரியும். பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது.

நம்ம பையனும் அப்படித்தான். அப்பா வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் டர்போ கார். தனியா ஒரு ஈசியூ மாட்டியிருந்தான். டேஷ்போர்டு மேல ஒரு ஏர்-ஃப்யூல் மீட்டர். 2025 மே மாசத்துல ஒரு சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான்.

"அண்ணா, வண்டி கறுப்பா கக்குது. மைலேஜும் படுத்துடுச்சு."

பிளக்கைக் கழட்டிப் பார்த்தா அடுப்புக் கரி மாதிரி இருக்கு. என்னடா பண்ணேன்னு கேட்டேன். அவன் சொன்ன காரணத்தைக் கேட்டு முதல்ல சிரிச்சேன். அப்புறம்தான் இது எத்தனை பேர் பண்ற தப்புன்னு உறைச்சது.

பெட்ரோல் முழுசா எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காத்து வேணும். இது ஊரறிஞ்ச எண். சுத்த எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏன்னா அதோட மூலக்கூறுலயே ஆக்சிஜன் இருக்கு, கையில கட்டுச்சோறு கொண்டு வர்ற விருந்தாளி மாதிரி. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்குக் கணக்குப் போட்டா 13.5 வரும். இதுவரைக்கும் பையன் படிச்சது சரி. மீட்டரைப் பார்த்தான், 14.7 காட்டுது. "ஐயோ, 13.5 இருக்க வேண்டிய இடத்துல 14.7 இருக்கே, எரிபொருள் பத்தலை, எஞ்சின் வெந்துடும்"னு பயந்து, மீட்டர்ல 13.5 வர்ற வரைக்கும் எல்லா இடத்துலயும் எரிபொருளைக் கூட்டிட்டான். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ தானா திருத்துமே, அதையும் அணைச்சுட்டான். "அது என் மேப்போட சண்டை போடுது அண்ணா"ன்னு வேற சொன்னான். சண்டை போடாம என்னடா செய்யும்? அது சரியாத்தானே இருந்தது!

ஏன்னா அந்த மீட்டருக்கு டேங்க்ல என்ன இருக்குன்னு தெரியாது. புகைக்குழாய்ல இருக்கிற சென்சார் காத்தையும் எரிபொருளையும் எடை போடறதில்லை. எரிஞ்சு முடிச்ச புகையில ஆக்சிஜன் மிஞ்சியிருக்கா, எரியாத எரிபொருள் மிஞ்சியிருக்கான்னு மட்டும்தான் பார்க்குது. ரெண்டும் மிஞ்சாம சரியா எரிஞ்சா அதுக்குப் பேர் லாம்டா 1. மீட்டர் அந்த லாம்டாவை 14.7-ஆல பெருக்கி நமக்குக் காட்டுது, அவ்வளவுதான். டேங்க்ல சுத்த பெட்ரோல் இருந்தாலும் சரி, இ20 இருந்தாலும் சரி, சுத்த எத்தனாலே இருந்தாலும் சரி, கச்சிதமா எரிஞ்சா அது 14.7-தான் காட்டும். பையன் 13.5-க்குக் கொண்டு போனதுல நிஜமா நடந்தது லாம்டா 0.92. அதாவது தேவைக்கு மேல 9 சதவீதம் எரிபொருளைக் கொட்டியிருக்கான்.

எங்கம்மா சோறு வைக்கறதை வெச்சு அவனுக்குப் புரிய வெச்சேன். புது அரிசின்னா தண்ணி குறைச்சு வைக்கணும், பழைய அரிசின்னா கூட வைக்கணும். ஒரு டம்ளருக்கு ரெண்டரை டம்ளர்னு மனப்பாடம் பண்ணிட்டு எல்லா அரிசிக்கும் அதே தண்ணியை ஊத்தினா ஒரு நாள் குழையும், ஒரு நாள் வேகாது. எங்கம்மா டம்ளரை எண்ணி நான் பார்த்ததில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால நசுக்கிப் பார்ப்பாங்க. லாம்டாங்கிறது அந்தப் பருக்கை. 14.7, 13.5 எல்லாம் டம்ளர் கணக்கு. அரிசி மாறினா டம்ளர் கணக்கு மாறும், பதம் மாறாது.

"அப்போ 14.7-ஐ மறந்துடணுமா அண்ணா?"

"மறந்துடு. மீட்டரை லாம்டாவுக்கு மாத்து."

மாத்தினான். ஈசியூவோட திருத்தத்தையும் திரும்ப ஆன் பண்ணினான். புகை போச்சு, மைலேஜ் வந்துச்சு, என்னைப் பெரிய மேதைன்னு நம்பிட்டான். நானும் நம்பிட்டேன். :-(

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி, ஊர்ல நடக்கிற சண்டைக்கு வரேன். ஏன்னா பையன் கதை அதுக்குள்ளதான் இருக்கு.

நம்ம நாட்டுல எத்தனால் கலக்கிறது நேத்து வந்த சமாச்சாரம் இல்லை. 2003 ஜனவரியில ஒன்பது மாநிலங்கள், நாலு யூனியன் பிரதேசங்கள்ல 5 சதவீதம்னு ஆரம்பிச்சது. பல வருஷம் நொண்டியடிச்சது. 2018 உயிரி எரிபொருள் கொள்கை 20 சதவீதத்துக்கு 2030-ஐ இலக்கா வெச்சது. அப்புறம் அதை 2025-26-க்கு முன்னாடி இழுத்தாங்க. 2022 ஜூன்ல 10 சதவீதம் தொட்டாச்சு. 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி பெங்களூருவில இ20 தொடக்க விழா. 2025-ல 20 சதவீதமும் வந்தாச்சு. 5-லேர்ந்து 10-க்குப் போக இருபது வருஷம் கிட்ட ஆச்சு. 10-லேர்ந்து 20-க்கு மூணே வருஷம்.

இந்த வேகத்துலதான் ஊர் ரெண்டாப் பிரிஞ்சது. ஒரு கோஷ்டி, "எத்தனால் விஷம், எஞ்சின் எல்லாம் காலி"ங்குது. இன்னொரு கோஷ்டி, "எல்லாம் வதந்தி, ஒண்ணுமே ஆகாது"ங்குது. ரெண்டு பேரையும் நான் ஏத்துக்கலை.

முதல் கோஷ்டிக்கு: கம்பெனியிலேர்ந்து வந்த நிலையில, மேப்பைத் தொடாத ஒரு ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இ10-லேர்ந்து இ20-க்கு மாறினா கூடுதலா வேண்டிய எரிபொருள் ஏறத்தாழ 4 சதவீதம். சாதாரணமா ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ அதைத் தானா சரி பண்ணிக்கும். அதுக்கு அந்த இடம் தாராளமா இருக்கு. ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கும்போது பல ஈசியூக்கள் சென்சார் பேச்சைக் கேக்காம, மனப்பாடமா வெச்சிருக்கிற மேப்பை நம்பி ஓடும். அங்க லாம்டா 0.85 இருந்தது 0.88 ஆகலாம். கம்பெனி மேப்புல அதுக்கெல்லாம் இடைவெளி விட்டுத்தான் வெச்சிருப்பாங்க. அதனால எஞ்சின் வெடிக்காது. பழைய வண்டிகளோட ரப்பர் குழாய், கேஸ்கெட் பத்தின கவலை நியாயமானது, ஆனா அது டியூனிங் விஷயம் இல்லை.

ரெண்டாவது கோஷ்டிக்கு: "ஒண்ணுமே ஆகாது"ங்கிறதும் தப்பு. லிட்டருக்கு லிட்டர் எத்தனால்ல இருக்கிற சக்தி பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்குதான். மைலேஜ் குறையாம எப்படி இருக்கும்? 2021-ல வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியிருக்கு: சுத்த பெட்ரோலுக்கு வடிவமைச்சு இ10-க்கு டியூன் பண்ணின கார்கள்ல 6-லேர்ந்து 7 சதவீதம், அதே மாதிரி டூவீலர்ல 3-லேர்ந்து 4 சதவீதம், இ10-க்கு வடிவமைச்சு இ20-க்கு டியூன் பண்ணின கார்கள்ல 1-லேர்ந்து 2 சதவீதம் மைலேஜ் இழப்பு இருக்கும்னு. அரசாங்கக் காகிதத்துலயே இருக்கிறதைச் சொன்னா வதந்தியா?

கடைசி வரியைக் கவனிச்சீங்களா? இ20-க்குன்னே டியூன் பண்ணினா இழப்பு 1-லேர்ந்து 2 சதவீதத்துக்குச் சுருங்குது. டியூனிங் அவ்வளவு முக்கியம். அதுலயும் டர்போவுக்கு டபுள் முக்கியம்.

ஏன் டர்போவுக்குன்னு என் பழைய பதிவுல எழுதினதைச் சுருக்கமாச் சொல்றேன். டர்போ காத்தை அழுத்தி உள்ளே தள்ளும். அழுத்தினா காத்து சுடும். சூடான கலவை, பிளக் பத்த வைக்கிற நெருப்பு வந்து சேர்றதுக்கு முன்னாடியே தானா வெடிச்சா அதுக்குப் பேர்தான் நாக்கிங். பிஸ்டன் மேல சுத்தியல் அடி. எத்தனால் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கும். கிலோவுக்குக் கிலோ பெட்ரோலைவிட ரெண்டரை மடங்கு. அதே காத்துக்கு எத்தனால் அதிகமா ஊத்த வேண்டியிருக்கிறதால, காத்து அளவுல கணக்குப் போட்டா நாலு மடங்கு குளிர்ச்சி. சாதாரண பெட்ரோலோட ஆக்டேன் இங்க முன்னாடி 91-ஆ இருந்தது. எத்தனாலுக்கு 108 சொச்சம். மே மாசம் ஜிஎஸ்டி ரோட்டுல கூடுவாஞ்சேரி சிக்னல் நெரிசல்ல நின்னு இன்டர்கூலர் அடுப்பு மாதிரி ஆகற நம்ம ஊருக்கு இது வரப்பிரசாதம்.

இதை நிரூபிச்சுக் காட்டினவங்க ஸ்வீடன்காரங்க. 2005-ல சாப் கம்பெனி 9-5 பயோபவர்னு ஒரு காரை விட்டாங்க. ரெண்டு லிட்டர் டர்போ. சாதா பெட்ரோல் போட்டா 150 குதிரைத்திறன். இ85 போட்டா அதே எஞ்சின் 180. எத்தனாலுக்குள்ள கூடுதல் சக்தி ஒளிஞ்சிருக்கிறதாலயா? இல்லவே இல்லை. ஒரே அளவு காத்துல பெட்ரோலும் எத்தனாலும் கிட்டத்தட்ட ஒரே சக்தியைத்தான் தரும். எத்தனால் தட்டாதுங்கிற தைரியத்துல ஈசியூ பூஸ்ட்டைக் கூட்டி, பிளக் நேரத்தை முன்னாடி நகர்த்திச்சு. அந்த 30 குதிரையும் அதுல வந்ததுதான். டேங்க்ல என்ன இருக்குன்னு அந்த ஈசியூவுக்குத் தெரிஞ்சிருந்தது. பெட்ரோல் போட்டா பூஸ்ட்டைக் குறைச்சுக்கிட்டு அடங்கி ஓடும்.

"தெரிஞ்சிருந்தது" - இந்த ஒரு வார்த்தையைத்தான் என் பழைய பதிவுல நான் எழுதலை.

பையன் அதைப் படிச்சான். எங்கிருந்தோ கொஞ்சம் இ100 பிடிச்சுக்கிட்டு வந்தான். எங்கன்னு நான் கேக்கலை. (2024 மார்ச்ல இந்தியன் ஆயில் தமிழ்நாடு உட்பட அஞ்சு இடங்கள்ல 183 பங்க்குகள்ல இ100-ஐ அறிமுகப்படுத்தினாங்க. பேருதான் 100, உள்ளே எத்தனால் 93 சதவீதம் சொச்சம். அது அதுக்குன்னே செஞ்ச வண்டிக்கு. 2019 ஜூலையிலயே நம்ம ஓசூர் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200-ல எத்தனாலுக்குன்னே ஒரு மாடல் விட்டாங்களே, அது மாதிரி.) 35 லிட்டர் டேங்க்ல 25 லிட்டர் இ20, 10 லிட்டர் இ100. கணக்குப் போடுங்க: 5 லிட்டரும் 9.3 லிட்டரும் சேர்ந்து 14.3. அதாவது 41 சதவீதம் எத்தனால். அதுக்குத் தகுந்த மாதிரி பூஸ்ட்டைக் கூட்டினான், டைமிங்கை முன்னாடி தள்ளினான். பக்கத்துல உட்கார்ந்து லாப்டாப்பைப் பார்த்துத் தலையாட்டினவன் நான். லாம்டா கச்சிதமா இருந்தது. நாக்கிங் துளிகூட இல்லை. வண்டி பறந்தது. ரெண்டு பேருக்கும் தலைகால் புரியலை.

ஆகஸ்ட் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை விடிகாலை, ரெண்டு சிநேகிதனுங்களை ஏத்திக்கிட்டு மாமல்லபுரம் கிளம்பினான். வண்டலூர், கேளம்பாக்கம் வழி. டேங்க்ல மீதி 8 லிட்டர். வழியில ஒரு பங்க்கில சாதா பெட்ரோல் டேங்க்கை நிரப்பினான். சாதா பெட்ரோல்னா இ20. இப்போ கணக்கு என்ன? 8 லிட்டர்ல 3.3, புதுசா போட்ட 27-ல 5.4. மொத்தம் 8.7. 41 சதவீதம் இருந்தது ஒரே நிரப்புல 25-க்கு இறங்கிடுச்சு. மேப் மட்டும் இன்னும் 41-லயே நிக்குது.

கோவளம் தாண்டி, திருவிடந்தை தாண்டி, ரோடு காலியா இருந்திருக்கு. மூணாவது கியர்ல முழுசா மிதிச்சிருக்கான். மீட்டர் என்ன காட்டிச்சு தெரியுமா? எரிபொருள் கொஞ்சம் அதிகமாவே போறதாக் காட்டிச்சு. எத்தனால் குறைஞ்சா காத்துக்கு வேண்டிய எரிபொருளும் குறையுமே! மீட்டரைப் பொறுத்தவரை எல்லாம் பத்திரம். உள்ளே 25 சதவீதக் கலவையை 41-க்கான பூஸ்ட்டுல, 41-க்கான டைமிங்ல அடிச்சிருக்கு. தகர டப்பாவுல கோலிக்குண்டு போட்டுக் குலுக்கற சத்தம் சில வினாடி. நாக் சென்சார் தன்னால ஆனதைப் பண்ணியிருக்கும், ஆனா அதால பின்வாங்க முடியறதுக்கும் ஒரு எல்லை உண்டு. அப்புறம் பவர் போச்சு, வண்டி உதறிச்சு, ஓரமா நின்னுடுச்சு.

பிரிச்சுப் பார்த்தப்போ மூணாவது சிலிண்டர் பிஸ்டன்ல ரெண்டு ரிங்குக்கு நடுவுல இருக்கிற பட்டை உடைஞ்சு, சிலிண்டர் சுவரைக் கீறி வெச்சிருந்தது. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகலை, கடவுள் புண்ணியம். பஸ்ஸை ஓவர்டேக் பண்ற நேரத்துல பவர் போயிருந்தா? அதை நினைச்சு நான் தூங்காத ராத்திரிகள் உண்டு. அவனோட அப்பா ஊர்லேர்ந்து வந்து, ஒர்க்‌ஷாப்புல அந்த பிஸ்டனைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவே இல்லை. "நீங்க விஷயம் தெரிஞ்சவர்னு பையன் சொன்னான் சார்"னு மட்டும் சொன்னார். நாலு அறை விட்டிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

இப்போ என் கட்சியைச் சொல்றேன்.

எத்தனால் கூடினா கலவை மெலியும். குறைஞ்சா நாக்கிங் வரும். மேப்பை விளிம்புல வெச்சிருக்கிற டர்போவுக்கு ரெண்டு பக்கமும் பள்ளம். எஞ்சினைக் கொல்றது எத்தனால் இல்லை. டேங்க்ல எத்தனை சதவீதம் இருக்குன்னு தெரியாம டியூன் பண்றதுதான். லாம்டா பாதி விஷயம்தான். அது கலவை சரியா எரிஞ்சுதான்னு சொல்லும். அந்தக் கலவை எவ்வளவு அழுத்தம் தாங்கும்னு சொல்லாது. சோறு வெந்துடுச்சான்னு பருக்கை சொல்லும், என்ன அரிசின்னு சொல்லாது. இதைத்தான் நான் அவனுக்குச் சொல்லத் தவறினேன்.

அமெரிக்காவுல இ85-ங்கிற பேர்ல விக்கிறதுல எத்தனால் 51-லேர்ந்து 83 சதவீதம் வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம். அது அவங்களுக்குத் தெரியும். அதனால விவரமான டியூனர்கள் எரிபொருள் குழாய்லயே ஒரு சென்சாரை மாட்டிடறாங்க. சின்ன சாமான். எத்தனால் அளவை அலைவரிசையா அனுப்பும். 50 ஹெர்ட்ஸ்னா சுத்த பெட்ரோல், 150-ன்னா சுத்த எத்தனால். வர்ற எண்ணுல 50-ஐக் கழிச்சா சதவீதம். நம்ம இ20-க்கு 70 வரும். ஈசியூ அதைப் பார்த்து எரிபொருள், டைமிங், பூஸ்ட் மூணையும் தானா நகர்த்திக்கும். பிரேசில்ல 2003-லேர்ந்து ஃப்ளெக்ஸ் கார் ஓடுது. அங்க பெட்ரோல்ல எத்தனால் அளவு 2025 ஆகஸ்ட்ல 27-லேர்ந்து 30 ஆச்சு. பங்க்கில பெட்ரோல் தனி, எத்தனால் தனி, எதைப் போடறோம்னு தெரிஞ்சு போடறான். வண்டியும் எது வந்தாலும் தாங்கற மாதிரி செஞ்சது.

நம்ம ஊர்ல? என் வண்டிக்கு 2022-ல ஒரு தரம், 2025-ல ஒரு தரம் வீட்டு மொட்டை மாடியில சோதனை பண்ணிப் பார்த்தேன். அளவுகோடு போட்ட கண்ணாடிச் சிலிண்டர்ல 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணி. குலுக்கி வெச்சா எத்தனால் தண்ணியோட ஓடிப் போயிடும். அடியில தண்ணி எவ்வளவு ஏறியிருக்கோ அதுதான் எத்தனால், தோராயமா. முதல் தரம் 10 ஏறிச்சு, ரெண்டாவது தரம் 20. ஒரே பங்க். நடுவுல என் வண்டி மேப்புக்கு யாரும் தகவல் சொல்லலை. எனக்கும்தான்.

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி, எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்கணும்னு போட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. சரி, அந்தக் கதவு மூடியாச்சு. நான் கேக்கிறது அதைவிட ரொம்பச் சின்ன விஷயம். பங்க்கில அன்னைக்கு அடர்த்தி எவ்வளவுன்னு எழுதி வைக்கிறாங்க, பார்த்திருப்பீங்க. அதை வெச்சு எத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. பெட்ரோலுக்கு 720-லேர்ந்து 775 வரைக்கும் அனுமதி, 20 சதவீதம் எத்தனால் கலந்தா மாறறது 9 சொச்சம்தான். அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு கட்டம்: "எத்தனால் இத்தனை சதவீதம்". லோடு வரும்போது அளந்தது, சாக்பீஸ்ல எழுதினாக்கூடப் போதும். அரிசிக்கடையில புது அரிசியா பழசான்னு கேட்டா சொல்றான். எஞ்சினுக்குள்ள போறதுக்கு அந்த மரியாதைகூட வேண்டாமா?

டியூனிங் பண்ற தம்பிகளுக்கு: சதவீதம் அளக்கிற சென்சார் இல்லாம எத்தனாலை நம்பி பூஸ்ட்டைக் கூட்டாதீங்க. சென்சார் வாங்கக் காசு இல்லைன்னா, உங்க டேங்க்குக்குள்ள வரக்கூடிய ரொம்ப மட்டமான எரிபொருளுக்கு டியூன் பண்ணுங்க. எத்தனால் கொடுக்கிற கூடுதல் தாங்குசக்தியை பாதுகாப்பா வெச்சுக்கோங்க, செலவு பண்ணிடாதீங்க. இன்னொண்ணு: இ20-லேர்ந்து இ100-க்குப் போனா எரிபொருள் 38 சதவீதம் கூட வேணும். 80 சதவீதம் நேரம் திறந்தே இருக்கிற இன்ஜெக்டரை எப்படி 110 சதவீதம் திறப்பீங்க? அதுக்கு வேற இன்ஜெக்டர், வேற பம்ப் வேணும். லாப்டாப்புல எண்ணை மாத்தினா துவாரம் பெரிசாகாது.

கடைசியா நம்ம பதிவர்களுக்கு. மத்தவங்களுக்குச் சொல்றதைவிட எனக்கே சொல்லிக்கிறது. எண் எழுதும்போது எந்த எரிபொருள், எந்த வருஷம், எந்த மீட்டர்னு சேர்த்து எழுதணும். "12.5 வெச்சேன், சூப்பரா ஓடுது"ன்னு நான் 2021-ல எழுதினது இன்னும் நெட்ல கிடக்கு. அன்னைக்கு டேங்க்ல இருந்த பெட்ரோல் வேற, இன்னைக்கு இருக்கிறது வேற. யாரு எப்போ படிப்பான்னு தெரியாது. நம்மள "விஷயம் தெரிஞ்சவர்"னு நம்பி ஒருத்தன் அப்பா காசுல வாங்கின எஞ்சினைப் பணயம் வைப்பான்னு அப்போ எனக்குத் தோணலை.

பழைய பதிவை நீக்கலாம்னு நினைச்சேன். நீக்கலை. மேல சிவப்பு எழுத்துல இந்தப் பதிவுக்கு வழி போட்டிருக்கேன். தப்பு இருந்த இடத்துலயே திருத்தமும் இருக்கட்டும்.

பையன் வண்டி திரும்ப ஓடுது. வேற பிஸ்டன், வேற ரிங், சிலிண்டருக்கு போரிங். செலவுல ஒரு பங்கு நான் கொடுத்தேன். அவன் அப்பா வேண்டாம்னுதான் சொன்னார், வற்புறுத்திக் கொடுத்தேன். மேப் பழையபடி கம்பெனி மேப். போன வாரம் டீக்கடையில பார்த்தப்போ சொன்னான், அந்த எத்தனால் சென்சார் வாங்கக் காசு சேர்க்கிறானாம். "இந்தத் தரம் முதல்ல அளப்போம் அண்ணா, அப்புறம் மிதிப்போம்"னான்.

எனக்கு ஒரு பதிவு முழுக்கத் தேவைப்பட்டதை அவன் ஒரு வரியில முடிச்சுட்டான்.

டிஸ்கி: மொட்டை மாடிச் சோதனையை யாரும் அடுப்பங்கரையில பண்ணாதீங்க. திறந்த வெளி, பக்கத்துல தீ, சிகரெட், செல்போன் சார்ஜர் எதுவும் கூடாது. செஞ்ச பெட்ரோலைத் திரும்ப டேங்க்ல ஊத்தவும் கூடாது, அதுல தண்ணி இருக்கும். மேப்பைத் தொட்டா கம்பெனி உத்தரவாதமும் போயிடும். என் பேச்சைக் கேட்டுத் தொட்டேன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, ஒரு தரம் பட்டது போதும். :-)